சரசு வீட்டுக்கு ஆற்று வழி

என் தங்கை சரசு, தன் மகள் மூலமாகச் சொல்லியனுப்பியது ஒரு வரிதான். "வர்றதுன்னா ஆத்து வழியா வரட்டும்."

ஆறு என்றால் யூக்கான். கனடாவின் வடமேற்கு மூலையிலிருந்து கிளம்பி, அலாஸ்காவைக் குறுக்கே கடந்து, பெரிங் கடலில் போய் விழுகிற ஆறு. வருடத்தில் பாதிக்கு மேல் உறைந்து கிடக்கும். சரசு கோடைக்காலத்தில் இருக்கிற மரவீட்டுக்குச் சாலை கிடையாது. எனக்கு எழுபத்து மூன்று வயது. நீச்சல் தெரியாது. திருப்பூரில் என் வீட்டிலிருந்து நொய்யல் நடந்து போகிற தூரம்தான், ஆனால் அதில் நீந்துகிற அளவுக்குத் தண்ணீர் வந்த நாட்களில் நான் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

எதற்காகப் போனேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சாயப்பட்டறைக்காரன். கோயமுத்தூரில் வேதியியல் படித்துவிட்டு, நெசவுக் குடும்பத்தின் முதல் பட்டதாரி என்ற பெயரோடு ஊர் திரும்பி, பனியன் துணிக்குச் சாயம் போட ஆரம்பித்தேன். சாயம் பருத்தியில் ஏற வேண்டுமென்றால் உப்பைக் கொட்ட வேண்டும். அந்த உப்பு துணியில் தங்காது. தண்ணீரோடு வெளியே போகும். வெளியே என்றால் நொய்யல். சரசுவைக் கட்டிக்கொடுத்திருந்தது அதே நொய்யலின் கீழ்ப்புறத்தில், எங்கள் ஆட்களிலேயே தென்னந்தோப்பும் மஞ்சள் காடும் வைத்திருந்த ஒரு குடும்பத்தில்.

அவர்கள் கிணறு முதலில் உவர்த்தது. பிறகு நிறம் மாறியது. தென்னை குரும்பையிலேயே உதிர்த்தது. மாடுகள் தொட்டியை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டன. சரசுவின் கணவர் என்னிடம் வந்து கேட்டார். "நல்லதா ஒரு மழை பேஞ்சா எல்லாத்தையும் கழுவிட்டுப் போயிருமுங்க மாப்பிள்ளை" என்றேன். அது பொய் என்று சொல்லும்போதே தெரியும். வேதியியல் படித்தவன் நான். மழை பெய்கிற நாளில்தான் நாங்கள் சாயக் கழிவுத் தொட்டியையே திறந்துவிடுவோம்.

தோப்பு போனது, மாடு போனது, பிறகு அவர் படுத்தார். அவர் இறந்தபோது நான் கோடி எடுத்துக்கொண்டு போனேன். எங்கள் பக்கத்தில் கணவனை இழந்தவளுக்கு உடன்பிறந்தவன் கொண்டுபோய்த் தோளில் போடுகிற புதுச் சேலை அது. நனைக்காதது, யாரும் உடுத்தாதது. உனக்குப் பிறந்த வீடு இருக்கிறது என்று சொல்கிற துணி. நான் சேலையை விரிக்கும்போது சரசு எழுந்து உள்ளே போய்விட்டாள். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் பிறகு என் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. மகள் வள்ளியோடு கனடாவுக்குப் போய்விட்டாள்.

சாவதற்குள் ஒரு கோடியை அவள் தோளில் போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். டாலர் விழுந்து ஏற்றுமதிக்காரர்கள் எல்லாம் புலம்பிக்கொண்டிருந்த வருடம் அது. பட்டறையை நடத்திக்கொண்டிருந்த என் மகன் சிவகுமார், "அதுக்காக அத்தனை தூரமா? கூரியர்ல போட்டு உடுங்கப்பா" என்றான். சிறுமுகையில் அடர்பச்சையில் அரக்குக் கரை வைத்த பட்டு ஒன்று எடுத்தேன். ஏற்றுமதித் துணிக்குப் போடுகிற பாலித்தீன் பையில் வைத்து, காற்றுப் புகாமல் ஒட்டி, பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

வொயிட்ஹார்ஸ் என்கிற ஊரில் வள்ளி நர்ஸாக இருக்கிறாள். கணவன் டேனி சுரங்கத்தில் வேலை. இரண்டு வாரம் மண்ணுக்குள், இரண்டு வாரம் வீட்டில். நான் போனபோது மண்ணுக்குள் இருந்தான். என்னைப் படகில் கூட்டிப்போக வந்தவர் அவனுடைய அப்பா வால்டர். எழுபது வயதிருக்கும். அப்பா நார்வேக்காரர், பழைய நீராவிக் கப்பல்களில் வேலை பார்த்தவர். அம்மா இந்த ஆற்றங்கரையின் பூர்வகுடிப் பெண். தான் எனக்கு உறவுமுறையில் என்ன ஆக வேண்டும் என்று கேட்டார். சம்பந்தி என்றேன். அந்தச் சொல் அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. அன்று மாலை பெட்ரோல் போட்டவரிடம், மீன் விற்றவளிடம், தன் நாயிடம்கூட, "இவர் என் சம்பந்தி" என்று அறிமுகப்படுத்தினார்.

ஊர்க்கரையில் ஒரு பழைய நீராவிக் கப்பலை மேட்டில் ஏற்றி, வெள்ளையடித்து, காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். மூன்று அடுக்கு வீடு போல இருக்கிறது. பின்னால் ஒரு பெரிய துடுப்புச் சக்கரம். அடிப்பாகம் தட்டை. ஆறு முழங்காலளவுக்கு வற்றிவிட்டாலும் தவழ்ந்து போய்விடும் என்று வால்டர் சொன்னார். வடக்கே தங்கம் கிடைத்த காலத்தில் ஆளும் மாவும் சாராயமும் பியானோவும் இதுபோன்ற கப்பல்களில்தான் போயின. நான் நேரே பாய்லரைப் பார்க்கப் போனேன். விறகு பாய்லர். எங்கள் பட்டறையிலும் அதுதான். கதவைத் திறந்து உள்ளே தலையை விட்டுப் பார்த்தேன். காவலுக்கிருந்த பெண், "அய்யா, அதைத் தொடக்கூடாது" என்றாள். "எங்கள் சம்பந்தி உள்ளே சாம்பல் இருக்கிறதா என்று பார்க்கிறார்" என்றார் வால்டர்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது துணி விஷயத்தில் தகராறு வந்தது. நான் கொண்டுபோயிருந்தது முழுக்கப் பருத்தி. உள்ளே போட நான்கு பனியன், மேலே போடக் கனத்த பருத்திச் சட்டைகள், எல்லாம் எங்கள் பட்டறையில் சாயம் ஏற்றியவை. வள்ளி ஒரு கம்பளிச் சட்டையும், பாலியஸ்டரில் செய்த பஞ்சுபோன்ற ஒரு மேலாடையும் கொண்டுவந்து வைத்தாள்.

"மாமா, சொன்னாக் கேளுங்க. இங்க ஆத்துல காட்டனைப் போட்டுட்டு நனைஞ்சா ஆளைக் கொன்னுபோடும்."

"நாப்பது வருஷம் காட்டன்லதான் கண்ணு நான் சோறு தின்னது. பாலியஸ்டரைப் போட்டுட்டு உங்கம்மா முன்னால போயி நிக்கச் சொல்றயா?"

"அம்மா உங்க பனியனையா பாக்கப் போறாங்க?"

"அவ பாக்காட்டி என்ன? நான் போட்டிருக்கறது எனக்குத் தெரியுமல்ல."

வால்டர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். மொழி புரியாவிட்டாலும் விஷயம் புரிந்துவிட்டது. "ஈரப் பருத்தியைப் போட்டுக்கொண்டு செத்தவர்களை நான் இரண்டு பேர் பார்த்திருக்கிறேன், சம்பந்தி" என்றார். "நனையாமல் உட்கார்ந்திருக்கிறேன்" என்றேன்.

மறுநாள் கிளம்பினோம். அலுமினியப் படகு. பின்னால் ஒரு மோட்டார். கூரை கிடையாது. எனக்கு ஆரஞ்சு நிறத்தில் மிதவைச் சட்டை ஒன்றை மாட்டி, குழந்தைக்குக் கட்டுவது போல வள்ளி தொடை இடுக்கில் பட்டையைக் கட்டினாள். ஆறு சத்தமில்லாமல் ஓடுகிறது. வேகம் கரையைப் பார்த்தால்தான் தெரிகிறது. இரண்டு பக்கமும் ஊசியிலை மரங்கள். மதியத்துக்குள் ஏரி வந்தது. ஆறே அகன்று ஏரியாகிவிடுகிற இடம். காற்று எழுந்து அலை அடிக்கவும் கரை ஒதுங்கினோம். ஒதுங்குகிற அவசரத்தில் வால்டர் படகைச் சரளைத் திட்டில் ஏற்றிவிட்டார். நாங்கள் இறங்கித் தள்ளினோம். அதாவது வள்ளி தள்ளினாள். நான் எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று சொன்னேன்.

அங்கே இரண்டு ஜெர்மன்காரர்கள் துடுப்புப் படகோடு ஒதுங்கியிருந்தார்கள். காற்று நிற்கும்வரை எல்லோரும் ஒரே நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தோம். "இந்தியாவில் ஆறு இல்லையா? இத்தனை தூரம் வந்திருக்கிறீர்கள்" என்று ஒருவர் கேட்டார். "இருக்கிறது. தங்கை இங்கே இருக்கிறாள்" என்றேன். அவர் போட்டிருந்த டீசர்ட்டின் தையலைப் பார்த்ததும் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. அனுமதி கேட்டுக் கழுத்துப் பட்டியைத் திருப்பிப் பார்த்தேன். இந்தியாவில் செய்தது என்று இருந்தது. கடல்நீலம். எங்கள் ஊர்ச் சாயம்தான், யார் பட்டறை என்று தெரியவில்லை.

"துவைத்தால் சாயம் போகிறதா?" என்று கேட்டேன்.

"துளிகூடப் போகவில்லை. அருமையான துணி."

போகாது. போக வேண்டியதெல்லாம் எங்கள் ஊரிலேயே போய்விட்டது. இதை அவரிடம் சொல்லவில்லை.

வால்டர் மீனைச் சுட்டுக்கொண்டே ஏரியின் கதையைச் சொன்னார். வசந்தத்தில் ஆற்றின் பனி முதலில் உடைந்துவிடும். ஏரியின் பனி மட்டும் இன்னும் சில வாரம் கெட்டியாகக் கிடக்கும். கீழே இருக்கிற ஊர்கள் போன இலையுதிர் காலத்திலிருந்து டப்பா உணவு தின்று அலுத்திருக்கும். முதலில் போய்ச் சேர்கிற கப்பலுக்குத்தான் நல்ல விலை. அதனால் கப்பல்காரர்கள் பனியின் மேல் புகைக்கரியும் பழைய எண்ணெயும் கலந்து ஒரு நீளமான கறுப்புக் கோடு போடுவார்களாம். கறுப்பு வெயிலை இழுக்கும். அந்தக் கோட்டில் மட்டும் பனி இளகும். கப்பல் அதைப் பிளந்துகொண்டு போகும்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "கரிக்கு எண்ணெய் என்ன விகிதம்?"

"என்னிடம் கேட்டால்? நீங்கள்தான் சாயக்காரர்."

"பனி உருகின பிறகு அந்தக் கறுப்பு எங்கே போனது?"

வால்டர் மோவாயால் ஆற்றின் கீழ்ப்பக்கத்தைக் காட்டினார். "அங்கே என் அம்மாவின் ஆட்கள் இருந்தார்கள். குடிக்கிற தண்ணீரில் எண்ணெய் மிதந்தது என்று அம்மா சொல்வாள். கப்பலுக்கு விறகு வெட்டிக் கொடுத்ததும் அவர்கள்தான். கரையோரக் காடு மொட்டையாகிற வரை வெட்டினார்கள்."

"அப்புறம் எப்படி நிறுத்தினார்கள்?"

"யார் நிறுத்தினார்கள்? ரோடு போட்டார்கள். லாரி மலிவாக இருந்தது. கப்பலைக் கரையில் இழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஆறு பிழைத்தது எங்களுக்குப் புத்தி வந்ததால் இல்லை, சம்பந்தி. காசு வேறு பக்கம் போனதால்."

வள்ளி என் முகத்தைப் பார்த்தாள். நான் மீனைத் தின்றேன். முள் அதிகமில்லாத, சிவந்த சதை கொண்ட மீன். உப்பும் புகையும் சரியாகப் பிடித்திருந்தது.

ஏரியைத் தாண்டியதும் ஆறு குறுகுகிறது. தண்ணீர் கண்ணாடி. அடியில் கிடக்கிற கல்லில் கோடுகூடத் தெரிகிறது. ஆழமான இடத்தில் பச்சையும் நீலமும் கலந்த ஒரு நிறம். பட்டறையில் அதை டர்க்காய்ஸ் என்போம். சாயக்காரனை அழவைக்கிற நிறம் அது. துணியில் சுலபத்தில் ஏறாது. ஏறாத மிச்சமெல்லாம் கழுவக் கழுவத் தண்ணீரில் வந்துகொண்டே இருக்கும். அந்த நிறத்தை நான் வாழ்நாளில் எத்தனை வண்டி ஆற்றில் விட்டிருப்பேன் என்று யோசித்துக்கொண்டே கையைத் தண்ணீரில் விட்டேன். விரல் மரத்துப்போனது.

ஒரு தீவில், மரங்களுக்கு நடுவே, ஒரு கப்பல் நின்றுகொண்டிருந்தது. குளிர்காலத்துக்கு மேலே இழுத்து வைத்தார்களாம், பிறகு இறக்கவே இல்லை. பலகை வெளிறிச் சாம்பல் நிறமாகிவிட்டது. வயிற்றின் ஓட்டை வழியாக ஒரு மரம் வளர்ந்து நிற்கிறது. வால்டரின் அப்பா ஒரு பருவம் வேலை பார்த்த கப்பல். வால்டர் அதன் பக்கத்தில் நின்று சிறுநீர் கழித்துவிட்டு வந்தார். "அவருக்குச் சம்பளம் பாக்கி வைத்த கப்பல். வருகிறபோதெல்லாம் வசூலிக்கிறேன்" என்றார்.

அன்றும் மறுநாளும் கரையில் கூடாரம் போட்டுப் படுத்தோம். வெளிச்சம் போவதே இல்லை. கொசு மட்டும் நம் ஊரில் இருப்பதைப் போல மூன்று மடங்கு.

பாறைகளுக்கு நடுவே ஆறு சீறிப் பாய்கிற, ஐந்து விரல் என்று பெயர் வைத்த இடம் கடைசி நாள் வந்தது. ஆற்றின் குறுக்கே நான்கு பாறைத் தூண்கள். நடுவே ஐந்து வழிகள். வலது ஓரத்து வழியாகத்தான் போக வேண்டும். கப்பல்கள் மேல்நோக்கி வரும்போது பாறையில் இரும்புக் கயிற்றைக் கட்டி, கப்பலே தன்னை இழுத்துக்கொண்டு ஏறுமாம். "படகின் நடுவில் உட்காருங்கள்" என்று வால்டர் சொன்னார். நான் முன்னால் போய் உட்கார்ந்தேன். பார்க்க வேண்டும் என்று ஆசை.

மூன்று அலைகள். முதல் இரண்டில் படகு ஏறி இறங்கியது. மூன்றாவது அலை எழுந்து நின்று என் மேல் அப்படியே விழுந்தது. தலையிலிருந்து கால்வரை நனைந்தேன். துணிகளையும் கோடியையும் வைத்திருந்த என் பையும் படகுக்குள் தேங்கிய தண்ணீரில் மிதந்தது. எல்லாம் ஒரு நிமிடம்கூட இல்லை. பிறகு ஆறு ஒன்றுமே நடக்காதது போல அமைதியாகிவிட்டது.

"மாமா, துணி மாத்தோணும். கரைக்குப் போலாமுங்களா?" என்று வள்ளி கத்தினாள்.

"வேண்டாம் கண்ணு. வெயிலடிக்குது. காத்துல காஞ்சுரும்."

காயாது. ஈரப் பருத்தியைக் காயவைக்க எவ்வளவு விறகு எரிய வேண்டும் என்று ஆயுள் முழுவதும் கணக்குப் பார்த்தவன் நான். ஆனாலும் வாயில் அதுதான் வந்தது. பையைத் திறந்தால் அதற்குள்ளும் ஈரப் பருத்தி. வள்ளி சொன்னது சரியாகிவிட்டதே என்ற ரோஷம். இன்னும் மூன்று மணி நேரத்தில் சரசு வீடு. அங்கே நடுங்கிக்கொண்டு போய் இறங்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. எனக்கு நிம்மதியாக இருந்தது. தூக்கம் வந்தது. அது நல்ல தூக்கமில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

வால்டர் ஏதோ கேட்டிருக்கிறார். நான் பதில் சொல்லவில்லை. மறுபடி கேட்டபோது நான் தமிழில், அதுவும் குழறிக்கொண்டு, பட்டறையில் யாரையோ வால்வை மூடச் சொன்னேனாம். அவர் படகைக் கரையில் மோதி நிறுத்தினார். இரண்டு பேரும் என்னைத் தூக்கி இறக்கினார்கள். வள்ளி என் துணிகளைக் கத்திரிக்கோலால் வெட்டி எடுத்தாள். வால்டர் தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி மாட்டினார். வள்ளி தன் மேலாடையைக் கொடுத்தாள். படுக்கை, போர்வையெல்லாம் அலையில் நனைந்திருந்ததால் இடுப்புக்குக் கீழே சுற்ற ஒன்றும் இல்லை. என் பைக்குள் காய்ந்திருந்த துணி ஒன்றே ஒன்றுதான்.

வள்ளி பாலித்தீன் பையைப் பல்லால் கிழித்தாள்.

"அது வேண்டாம். கோடி. அதைத் தொடாதே" என்றேன். நாக்கு புரளவில்லை.

"கையை எடுங்க மாமா."

"உங்கம்மாவுக்கு..."

"அம்மாகிட்ட பொணத்தைக் கொண்டுபோயிக் காட்டச் சொல்றீங்களா? ஏற்கெனவே ஒண்ணைப் பாத்தவங்க அவங்க." அழுதுகொண்டே என் இடுப்பையும் தொடையையும் அந்தப் பச்சைப் பட்டால் இறுக்கிச் சுற்றினாள். வால்டர் நெருப்பை மூட்டி, சர்க்கரையைக் கொட்டிய வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் விட்டார். நடுக்கம் திரும்பி வந்தபோது, "இப்போது சரி. நடுங்குங்கள் சம்பந்தி, நன்றாக நடுங்குங்கள்" என்று முதுகைத் தேய்த்தார்.

நெருப்பைப் பார்த்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தபோது நான் நினைத்தது இதுதான். எச்சரிக்கை சொன்னார்கள். காரணமும் எனக்குத் தெரியும். தெரிந்தும் செய்தேன். தப்பு என்று ஆனபிறகும் காய்ந்துவிடும் என்று சொன்னேன். மாப்பிள்ளையிடம் மழை கழுவிவிடும் என்று சொன்ன அதே வாய். அன்று சேதம் அவருக்கு. இன்று வள்ளி கண்ணைத் துடைத்துக்கொண்டே நெருப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தாள்.

சரசு கரையில் நின்றுகொண்டிருந்தாள். சேலையின் மேல் தடித்த கோட்டு, காலில் ரப்பர் பூட்ஸ், தலையில் கம்பளிக் குல்லாய். வால்டர் கையைப் பிடித்து என்னை இறக்கினார். இடுப்பில் பச்சைப் பட்டு. சேலைக் கரையெல்லாம் சேறும் சாம்பலும். சரசு மேலும் கீழும் பார்த்தாள்.

"வாங்கண்ணா. எனக்கு எடுத்த சேலை உங்களுக்கு நல்லாத்தான் இருக்குது."

வள்ளி சிரித்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது.

உள்ளே அடுப்புப் பக்கத்தில் உட்காரவைத்து அரிசியும்பருப்புஞ்சோறு போட்டாள். நெய், பக்கத்தில் புகைபோட்ட மீன் ஒரு துண்டு. கடைசியாக அவள் கையால் சாப்பிட்டு எத்தனையோ வருடம். தின்று முடித்தேன். நான்தான் ஆரம்பித்தேன்.

"கோடி போடோணும்னு வந்தேன் சரசு. உடுத்துன துணியா ஆக்கிப்போட்டேன்."

"உடுத்தாம இருந்திருந்தா வாங்கிக்குவேன்னு நெனச்சுட்டீங்களா?"

தட்டில் ஒட்டியிருந்த பருக்கையை வழித்தேன்.

"பட்டறை ஓடுதுங்களா?"

"ஓடுது. சிவகுமார் பாத்துக்கறான். இப்பெல்லாம் சுத்திகரிப்பு மெஷின் வச்சு..."

"எல்லாத் தண்ணியும் அதுல போகுதுங்களா?"

பொய் சொல்ல வாய் வந்தது. அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "பாதி போகுது" என்றேன்.

"மீதி?"

"மீதி அங்கதான் போகுது."

"அப்பறம் எதுக்குங்கண்ணா கோடி? அதையும் உட்டுக்கிட்டு இதையும் போடறதுக்கா?" தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

வால்டர் ஆங்கிலத்தில் என் காதில், "ஏதாவது நல்லதாகச் சொல்லுங்கள், சம்பந்தி" என்றார். "சொல்ல ஒன்றுமில்லை" என்றேன்.

மூன்று நாள் இருந்தேன். எனக்குக் கம்பளிச் சட்டையும் ஒரு வேலையும் கொடுத்தாள். வால்டர் பிளக்கிற விறகை அடுக்கினேன். இடையிடையே பேசுவாள். இந்த இடம் பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். "நல்லாருக்குதுன்னு யாரு சொன்னா? கொசு புடுங்குது. பேச ஆளில்ல. எட்டு மாசம் பனி. தண்ணி மட்டும் தண்ணியாட்ட இருக்குது."

இரண்டாம் நாள் அந்தச் சேலையை அலச எடுத்துக்கொண்டு ஆற்றில் இறங்கினாள். நான் கரையில் உட்கார்ந்திருந்தேன். நனைத்ததும் சேலையிலிருந்து பச்சையாக ஒரு இழை புறப்பட்டுத் தெளிந்த தண்ணீரில் நீண்டது. கடையில் நான் விரலால் தேய்த்து, சாயம் நிற்கும் என்று சொல்லி எடுத்த சேலை. சரசு சட்டென்று அதைத் தூக்கினாள். வாளியில் போட்டு மேட்டுக்குக் கொண்டுவந்தாள். அங்கேயே அலசினாள். பச்சைத் தண்ணீரை ஆற்றுப் பக்கம் ஊற்றாமல், மரங்களுக்கு அப்பால் நடந்து போய், குழி தோண்டி ஊற்றிவிட்டு வந்தாள். மூன்று வாளி. மூட்டு வலிக்காரி. நான் எழுந்து வாளியை வாங்கப் போனேன். தரவில்லை.

கிளம்புகிற அன்று அதை மடித்துக் கையில் கொடுத்தாள். "இதை உங்க மருமகளுக்குக் குடுத்திருங்க. பட்டறையைச் சாத்திட்டு வேற ஒண்ணு எடுத்துட்டு வாங்க. வாங்கிக்கறேன்."

"நெசமாவா?"

"சாத்துனாத்தான்."

ஊர் திரும்பிச் சிவகுமாரிடம் சொன்னேன். இடமும் உரிமமும் இன்னும் என் பெயரில்தான் இருக்கின்றன. அவன் கோபப்படவில்லை. நிதானமாகக் கணக்குச் சொன்னான்.

"நாம மூடுனா இந்த ஆர்டர் பக்கத்துப் பட்டறைக்குப் போகுமுங்கப்பா. அவன் நம்மளை விட மோசமா உடுவான். ஆத்துக்கு என்ன லாபம்?"

"ஒண்ணும் இல்ல."

"அப்பறம் எதுக்கு?"

"ஒருத்தி கேட்டா. குடுக்கோணும்."

அவன் குடும்பத்தோடு அவிநாசி ரோட்டில் வாடகை வீடு பார்த்துப் போய்விட்டான். பேச்சு இல்லை. பாய்லர் பார்த்த சாமுவேல், தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், ஒரு காலையில் வீட்டுக்கே வந்தார். "தங்கச்சிக்கு வாக்குக் குடுத்துட்டிய, சந்தோசம். எம்புள்ளைய படிப்புக்கு யாருகிட்ட வாக்குக் கேக்க?" என்றார். முதலிபாளையத்தில் தெரிந்த கம்பெனியில் அவரையும் இன்னும் சிலரையும் சேர்த்துவிட்டேன். எல்லோரையும் சேர்க்க முடியவில்லை. இதுவும் என் கணக்கில்தான் எழுதப்பட வேண்டும்.

தை பிறந்த பிறகு ஒரு திங்கட்கிழமை பாய்லரை அணைத்தோம். வெளியே போகிற குழாயை நானே நின்று சிமெண்ட் போட்டு அடைக்கச் சொன்னேன். அன்று மாலை வள்ளி எண்ணுக்குப் போன் போட்டேன். வள்ளி போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டாள். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் கேட்டது.

"சாத்தியாச்சு சரசு."

"சிவகுமாரு?" என்றாள்.

"போயிட்டான். வருவான்."

"ம்."

"சேலை எடுக்கப் போறேன். என்ன நெறத்துல எடுக்கட்டும்?"

"சாயம் போடாததா எடுங்கண்ணா."

திருப்பூரில் எந்தக் கடையிலும் அப்படி ஒரு சேலை இல்லை. வெள்ளை என்று எடுத்துக் காட்டுவது எல்லாம் வெளுத்தது, நீலம் போட்டது. எனக்குத் தெரியாதா. சென்னிமலைக்குப் போனேன். தறிக்காரர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு ஊடை நூல் சுற்றிய கண்டைக் கீழே வைத்தார்.

"சாயமும் வேண்டாம், வெளுக்கவும் வேண்டாமுங்களா? அழுக்கு நெறமா இருக்குமுங்களே. சாயப்பட்டறைக்காரரா இதைக் கேக்கறீங்க?"

"ஆமாங்க. நூல் வந்த நெறத்துலயே ஓட்டித் தறியிலிருந்து அறுத்துக் குடுங்க. தங்கச்சி ஊரு ஆத்துல பனி உடையறதுக்குள்ள வேணும்."